வழிவிடாத மந்தை

சைரன் அலறுகிறது. ஒரு ஆடுகூட நகரக் காணோம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர். அந்த ராக்கெட் இப்போது இருநூறு ஆடுகளுக்கு நடுவே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

பின்னால் படுத்திருப்பவர் யார், எவர் என்று தெரியாது. பையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் விழுந்து கிடக்கிறார் என்று பைக்கில் போன யாரோ போன் செய்திருந்தார். அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பி இரண்டு வளைவு தாண்டவில்லை, பக்கத்துச் சரிவிலிருந்து திமுதிமுவென்று இந்த மந்தை சாலையில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். பத்தே நிமிடத்தில் போயாக வேண்டும் என்கிறாள் நர்ஸ்.

ராக்கெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பார்க்காத மந்தையா! சைரன் கேட்டால் ஆடுகள் மிரண்டு நாலாபக்கமும் சிதறும். இவையோ வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. சாலையைக் கடக்கவும் இல்லை, வந்த வழியே திரும்பவும் இல்லை.

சைரனை நிறுத்திவிட்டு இறங்கினான். முன்னால் போகிற கிடாவை இழுத்தால் மற்றவை தானாக வரும், அது அவனுக்குத் தெரியும். மணி கட்டிய பெரிய கிடாவைக் கொம்பைப் பிடித்து, மூச்சு வாங்க, அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான். அது அவனுக்கு முன்னால் ஓடிவந்து பின்கதவை முட்டியது.

ஆட்டுக்குப் பைத்தியமா, தனக்கா?

"எவன்டா இந்த ஆட்டுக்காரன்? மந்தையை நடுரோட்டுல விட்டுட்டு எங்கடா போய்த் தொலைஞ்ச? உன்னால ஒரு உசுரு போகப் போகுதுடா!"

நான்கு திசையும் பார்த்துக் கத்தினான். ஆளையே காணோம். வாயில் வந்த கெட்ட வார்த்தை ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் திட்டித் தீர்த்தான். போன வாரம்தான் ஒருவர் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்தார். இன்னொரு முறை அதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. அழுகையே வந்துவிட்டது.

நர்ஸ் பின்கதவைத் திறந்தாள். "அண்ணே, கொஞ்சம் கத்தாம இருங்க. இவர் ஏதோ சொல்றார்."

படுத்திருந்தவர் மாஸ்க்கை விலக்கினார். உதட்டைக் குவித்தார்.

"ட்ர்ர்ர்... ஹேய்."

பக்கத்தில் நின்ற நர்ஸுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆடுகள் அத்தனையும் தலையை நிமிர்த்தின. கிடா ஒருமுறை கத்திவிட்டுச் சரிவின் பக்கம் திரும்பியது. மந்தை அதன் பின்னால் வரிசையாக இறங்கிப் போனது.

ராக்கெட் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான். திட்டியது ஒன்றுவிடாமல் அவர் காதில் விழுந்திருக்கும்.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதில் இல்லை.

"அண்ணே" என்று மறுபடி கூப்பிட்டான்.