பல்லி சொன்ன நல்வாக்கு

மனிதர் உலகத்துக்குப் புதிதாக வந்த குட்டித் தேவதை தூவி, ஒரு வீட்டுக்குள் பறந்துபோய் டியூப்லைட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே தரையில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி, கையிலிருந்த போட்டோவைக் கணவரிடம் காட்டி, "நம்ம பொண்ணுக்கு இந்த மாப்பிள்ளையையே பேசி முடிச்சிடலாமாங்க?" என்று கேட்டாள்.

தூவிக்குப் பகீரென்றது. வருகிற வழியில்தான் அதே ஆள் வேறொரு பெண்ணின் கையைப் பிடித்து, "உன்னைத்தான் கட்டிக்குவேன்" என்று சத்தியம் செய்ததைப் பார்த்திருந்தாள்.

"வேண்டாம்மா! அவன் புளுகன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போது சுவரிலிருந்த பல்லி, "இச்... இச்..." என்றது.

செண்பகவல்லி முகம் மலர்ந்து தரையை விரலால் மூன்று தடவை தட்டினாள். "பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு! தட்டை மாத்திடலாம்."

தூவிக்குத் தலை சுற்றியது. அத்தனை தெளிவாகச் சொன்னது காதில் ஏறவில்லை, இந்த இச்சுக்கு மட்டும் இவ்வளவு மரியாதையா?

"மாப்பிள்ளையை உனக்கு முன்னமே தெரியுமா?" என்று பல்லியிடம் கேட்டாள்.

"எந்த மாப்பிள்ளை?" பல்லி சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது. "றெக்கையோட கொழுகொழுன்னு ஒண்ணு லைட்டுப் பக்கம் வந்து உக்காந்திருக்குன்னு இல்ல சொன்னேன்."