நாலாவது குமிழ்

கீழே வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. தங்கை, குமிழுக்கு வேலை பழக்கும் 'லேர்ன்' பட்டனை அவசரமாக அழுத்தினாள். சின்தசைசரில் மூன்று குமிழ்களுக்கு வேலை ஒதுக்கியாகிவிட்டது. எதிரொலி, அதிர்வு எல்லாம் சொன்னபடி கேட்டன. நாலாவதைத் திருப்பினாள். திரையில் 'காலி' என்று வந்தது.

"அந்த இரைச்சலைக் கொஞ்சம் கொறைடி. காது போவுது," என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

தங்கையின் விரல் அப்படியே நின்றது. பிறகு குமிழை இடப்பக்கம் ஒரு நூல் திருப்பினாள்.

"உன்கிட்டதான்டி சொல்றேன், எருமை..." அக்காவின் குரல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் குறையவில்லை.

வலப்பக்கம் திருப்பினாள்.

"...அங்க வந்தேன்னா முதுகு பழுத்துடும்," என்று குரல் வீடு நிறைய வந்தது.

அக்காவின் கணவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். குழுவின் டிரம்மர் அவர்தான். "இன்னுமா திருகிட்டிருக்கே? மீதியை மேடையில பாத்துக்கலாம்," என்று பிளக்கில் கை வைத்தார்.

"வேணாம் அத்தான். இன்னும் சேவ் பண்ணலை. ஆஃப் பண்ணா போயிடும்."

"சேவ் பண்ணித் தொலையேன்."

"காலின்னு காட்டுது. எதை சேவ் பண்றது?"

"வந்துட்டீங்களா? அந்தச் சட்டையை மாத்திட்டுப் போங்க," என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

அத்தான் பிளக்கிலிருந்து கையை எடுத்தார். மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"கச்சேரி கெடக்கட்டும்," என்றார். "நீ கையை எடுத்துடாதம்மா."

போன வருடம் ஆபரேஷனில் அக்காவின் குரல்வளையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.