அவளுடைய டிஸ்க்

“உலகத்துல ரெண்டே வகை மனுஷங்கதான். லினக்ஸைத் தானே போடுறவன், அடுத்தவங்ககிட்ட கேக்குறவன்” என்று கணவன் இருவரின் டிஸ்க்கும் மாட்டியபடி திறந்து கிடந்த கணினியின் முன் அமர்ந்து பிரகடனம் செய்தான்.

“முதல்ல என் டிஸ்க்கைக் கழட்டி வெச்சிட்டுப் போடுங்க. ரெண்டு டிஸ்க்கும் இருந்தா எதுல போடுறதுன்னு குழம்பிடும்” என்றாள் மனைவி.

“உன்னைக் கேட்டேனா?”

“என்னைக்குக் கேட்டிருக்கீங்க?”

அவள் டிஸ்க்கைக் கழற்றாமலே போட்டான். லினக்ஸ் இயங்குதளம் ஜம்மென்று ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

“பார்த்தியா? இனி யார் தயவும் வேண்டாம்.”

“சரி, என் டிஸ்க்கை எடுத்துக்கறேன்.”

“தாராளமா!”

அவள் கணினியை அணைத்து, தன் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவன் மறுபடி பொத்தானை அழுத்தினான். திரை இருட்டாகவே இருந்தது. கேபிளைப் பிடுங்கினான், செருகினான், தட்டினான். பிறகுதான் உறைத்தது. லினக்ஸ் முழுக்க அவன் டிஸ்க்கில்தான் இருந்தது. அதை எழுப்பிவிடும் சின்னப் பகுதி மட்டும் அவள் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிட்டது.

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

காலையிலேயே அடுக்கி முடித்திருந்த இரண்டு பெட்டிகளோடு அவள் வெளியே வந்தாள். வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

“வக்கீல் கூப்பிட்டா வரேன்.”

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“ஒண்ணு கேக்கலாமா?”

அவள் இருண்ட திரையைப் பார்த்தாள். பெருமூச்சோடு பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றிய டிஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

“அது இல்ல” என்றான்.