எட்டு கேன்

"பார்த்துப் பார்த்துத் தண்ணி லாரி வர்ற நாளாத்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுவாங்க" என்று முணுமுணுத்தபடி, வாசலில் வரிசை போட்டிருந்த எட்டு கேன்களையும் லட்சுமணன் வீட்டுக்குள் தூக்கி வைத்தார்.

"ஏன் உள்ள வைக்கிறீங்க? எதிர்வீட்டு ஜோதிலிங்கம் அண்ணன்கிட்ட சொன்னா பிடிச்சு வைப்பாரு" என்றாள் மனைவி பவுனு. அவளுக்குக் கண்புரை ஆபரேசன் ஆகி, இன்று கட்டுப் பிரிக்க வேண்டும்.

"அவன்கிட்டயா? நாலு வருசம் முன்னாடி, லாரியில நான் போட்ட பைப்பை உருவி எறிஞ்சவன். வெளிய விட்டா கேனையும் தூக்கிடுவான்."

"எதுக்கும் தயார்னு மார் தட்டுவீங்க. ஒரு வார்த்தை பேச மட்டும் தயாரில்ல."

அதை அவர் காதில் வாங்கவில்லை. டெல்லி சங்கம் விஹாரில் அவர்கள் சந்துக்கு வாரம் இரண்டு நாள்தான் லாரி. இன்று விட்டால் ஞாயிற்றுக்கிழமை. ஜூன் மாத வெயில். கண்ணுக்கு மருந்து போடும்போதெல்லாம் கை கழுவ வேண்டும். வீட்டில் மிச்சம் ஒரு குடம். இருந்தும் பெரிய பூட்டாகப் பார்த்துப் பூட்டினார்.

திரும்பி வரும்போது மணி பதினொன்று. "பையா, ஜல்தி" என்று ஆட்டோக்காரரை வழியெல்லாம் விரட்டியும், சந்து முனையில் லாரி சொட்டிக்கொண்டே எதிரே வந்தது. காலி.

ஜோதிலிங்கத்தின் வாசலில் பத்து கேன். எல்லாம் கழுத்துவரை தண்ணீர்.

நாலு வருசமாகத் தயார் செய்து வைத்திருந்ததை லட்சுமணன் அவிழ்த்துவிட்டார். "ஒத்தை ஆளுக்குப் பத்து கேனா? குளிக்கவா, நீச்சலடிக்கவா? அடுத்தவன் வீட்ல அடுப்பு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன, உனக்கு?"

பவுனு சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிறுத்தவில்லை.

ஜோதிலிங்கம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பேசி முடிக்கட்டும் என்று நின்றான்.

"முடிஞ்சுதா? இதுல ரெண்டுதான் என்னோடது. நீ எட்டையும் உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்ட. நாலு வீடு ஏறி இரவல் கேன் வாங்கிப் பிடிச்சு வச்சிருக்கேன். திருப்பிக் கொடுக்கணும், கதவைத் திற. தங்கச்சிக்கு மருந்து போடற நேரமாகுதுல்ல."

லட்சுமணன் சட்டைப்பையில் சாவியைத் தேடினார். வேட்டி மடிப்பில் தேடினார். மருந்துப் பையைக் கவிழ்த்தும் பார்த்தார்.

"கையிலதான் இருக்குங்க" என்றாள் பவுனு. அவளுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.