வெயில் நாள் துத்தநாகம்

மெரியானாவுக்கு மூக்கு அரித்தது. சொறிய முடியாது.

இரண்டு கைகளிலும் முழங்கை வரை பிளாஸ்டிக் கையுறை. அந்தக் கைகள் இனி பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது.

அண்டார்டிகாவின் பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கும் அந்த ஓடை வருடத்துக்கு ஆறு வாரம்தான் ஓடும். அதன் தண்ணீரில் அவள் அளக்க வந்திருக்கும் உலோகம், ஒரு நீச்சல் குளத்தில் நாலு உப்புக்கல் போட்ட அளவு. மோதிரம் உரசினால் போச்சு. கடிகாரம் உரசினால் போச்சு. அதனால் இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். பாட்டிலைத் தொடுகிறவருக்கு 'சுத்தக் கை' என்று பெயர். பை பிரிப்பது, பெட்டி தூக்குவது, நோட்டில் எழுதுவது என்று மற்ற எல்லாவற்றையும் தொடுகிறவர் 'அழுக்குக் கை'.

அழுக்குக் கை டென்சில். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் முப்பது வருடம் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவர். உலோகம் கூடாது என்று முதல் நாள் மெரியானா சொன்னதும் மனிதர் மோதிரம், பெல்ட், கடைசியில் பல்செட்டையும் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார். அதில் கம்பி இருக்கிறதாம். மூன்று வருடமாக ஓடைக்கரையில் அவர் பொக்கை வாயோடுதான் பேசுகிறார்.

இன்று கடைசி நாள். நல்ல வெயில்.

மெரியானா வேண்டிக்கொண்டதும் அந்த வெயிலைத்தான். மூன்று வருடமாகச் சொல்லி வைத்தாற்போல் ஒரே கதை. மேகம் போட்ட நாளில் எடுத்த தண்ணீரில் துத்தநாகம், அதாவது ஜிங்க், இருப்பதே தெரியாது. வெயில் நாளில் எகிறும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காலையில் கிளம்பும் முன் கூடாரத்துக்குள் வைத்து நிரப்பும் சுத்த நீரில் மருந்துக்கும் கிடையாது. வெயில் பனியை உருக்கி, அதற்குள் உறைந்து கிடக்கும் தூசியிலிருந்து துத்தநாகத்தை ஓடைக்குக் கொண்டுவருகிறது என்று அவள் கட்டுரையே எழுதி முடித்துவிட்டாள். இந்த ஒரு பாட்டிலும் அதையே சொன்னால் அச்சுக்குப் போகும். அதை நம்பித்தான் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நிரந்தர வேலை. வருடா வருடம் யார் முன்னாலாவது போய் நின்று வேலையை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

"மூக்கக் காட்டும்மா," என்றார் டென்சில்.

முகத்தைத் தூக்கினாள். அவர் மூக்கைச் சொறிந்துவிட்டு, ஒழுகியதைத் துடைத்துவிட்டு, டப்பாவிலிருந்து வெயில் க்ரீமை எடுத்து வெள்ளை தெரியாதபடி அழுத்தித் தேய்த்தார். உலோகம் கலக்காத க்ரீம் என்று மெரியானா தேடிப் பிடித்து வாங்கித் தந்த டப்பா. ஐந்து பெண்களைப் பெற்றவருக்கு இதெல்லாம் பழகின வேலை.

பிறகு அதே கையால் பையைப் பிரித்து நீட்டினார். அவள் பாட்டிலை எடுத்து, ஓடைமேல் குனிந்து நிரப்பி, மூடினாள். அவ்வளவுதான். மூன்று வருடம் முடிந்தது.

டென்சில் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். முக்கியமான பேச்சு என்று அர்த்தம்.

"கடைசி நாளாச்சே, ஒண்ணு சொல்லிடறேன். கோவிச்சுக்கக் கூடாது. டப்பாதான் உன்னோடது. உள்ள இருக்கற க்ரீம் என் சின்னப் பொண்ணோடது. கிரிக்கெட்காரங்க மூஞ்சில அப்பிக்கறாங்களே, அந்த வெள்ளை க்ரீம். உன் க்ரீம் போட்டு மொத வாரமே மூக்கு தோலுரிஞ்சு நின்ன. பாக்க சகிக்கல. அதான் மாத்தி அடைச்சுட்டேன்."

மெரியானா சட்டென்று நிமிர்ந்தாள். கிரிக்கெட்காரர்கள் பூசும் அந்த வெள்ளையே துத்தநாகம்தான்.

"தினமுமா?"

"தினமும் எதுக்கு? வெயில் அடிச்சா மட்டும்."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். அந்தப் பள்ளத்தாக்கில் இதைக் கேட்க நிஜமாகவே ஒரு ஈ காக்கை கிடையாது. வெயில் கொண்டுவரும் துத்தநாகத்தைப் பற்றி டென்சில் தன் ஐந்து பெண்களிடமும் பெருமை பீற்றி வைத்திருக்கிறார். கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் முதல் பெயர் அவருடையது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப் போகிறாராம்.

அவர் நோட்டைப் பிரித்து, பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு, குறிப்பு என்ற இடத்தில் வழக்கம்போல வெயில் என்று போடவா என்று கேட்டார்.

அவளுக்கு அழுகை முட்டியது. துடைக்கக் கை இல்லை. அவர்தான் துடைத்துவிட்டார், காற்றைத் திட்டிக்கொண்டே.

"எழுதிக்கோங்க," என்றாள். "சுத்தக் கை மூக்கில் துத்தநாகக் க்ரீம். எல்லா வெயில் நாட்களிலும்."

அவர் எழுத்துக்கூட்டி எழுதினார். 'எல்லா வெயில்' என்ற இடத்தில் பென்சில் நின்றது. டப்பாவைப் பார்த்தார். அவள் மூக்கைப் பார்த்தார். முந்தைய பக்கங்களைப் புரட்டினார். வெயில், வெயில் என்று எழுதியிருந்ததெல்லாம் அவர் கையெழுத்துதான்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பல்லக்கூடக் கழட்டி வெச்சேனேம்மா," என்றார்.

மெரியானா பாட்டிலைக் கீழே வைத்தாள். கையுறைகளை உருவி எறிந்தாள். அழுகையும் சிரிப்புமாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டப்பாவில் விரலை விட்டு வழித்தெடுத்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் பார்த்தாள். அவர் மூக்கு தோலுரிந்து, ரத்தம் கட்டி, புண்ணாகிக் கிடந்தது. அவள் வாங்கித் தந்த க்ரீமை மூன்று வருடமும் அவர்தான் பூசிக்கொண்டிருந்தார்.