பதினாறு வருஷ டெம்பரரி

“உன் வேலை அட்டையில இங்கிலீஷ்ல என்னம்மா போட்டிருக்கு?” என்று கேட்டார் ஆலையின் வக்கீலான கண்ணாடிக்காரர்.

“டெம்பரரின்னு.” பாய்லர்காரி சாட்சிக் கூண்டின் கட்டையில் கை வைத்தாள். பதினாறு வருஷமாக ஆலை பாய்லருக்கு விறகு தள்ளிய கை அது.

“அர்த்தம் தெரியுமா?”

“கொஞ்ச நாளைக்கு மட்டும்னு அர்த்தம்.”

“தெரிஞ்சுமா நிரந்தர வேலை கேக்குற? பதினோரு மாசத்துக்கு ஒருதரம் உன்னை நிறுத்தி, ரெண்டு நாள் கழிச்சுப் புதுசாத்தானே சேர்த்தாங்க?”

“ஆமாங்க. அந்த ரெண்டு நாளும் பாய்லரை எரிச்சது யாராம்? நான்தான்!”

“பொய்!”

“கேட் நோட்டைப் பாருங்க. அந்த நாள்ல எல்லாம் என்னைப் பார்வையாளர்னு எழுதி உள்ளே விட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் என் கையெழுத்து இருக்கு.”

ஆலைக்காக எத்தனையோ வழக்கு ஜெயித்த கண்ணாடிக்காரர், கையிலிருந்த காகிதக் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

மேடையில் இருந்த நீதிபதி, மேஜை மேலிருந்த கேட் நோட்டைப் புரட்டினார்.

“விறகு தள்ளுற பார்வையாளரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்” என்றவர் குமாஸ்தா பக்கம் திரும்பினார். “சேர்ந்த நாள்லேர்ந்தே இவங்க நிரந்தரம்னு எழுதுங்க. கூட வழக்குப் போட்டவங்களுக்கும் இதேதான்.”

பின்வரிசையில் முப்பது பேர் எழுந்து அடித்த விசிலை யாராலும் அடக்க முடியவில்லை.