ஏழாவது துணி

நல்லூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிட்டுசாமியைப் பார்த்துக்கொள்ள நான் வந்து ஒரு மாதம் ஆகிறது. அவருக்கு அடியில் விரிப்பது அவர் குடும்பத்துப் பனியன் கம்பெனியில் மிஞ்சும் வேஸ்ட் துணி. தினமும் ஆறு விரிக்கிறேன். துவைக்கப் போனால் ஏழு கிடக்கிறது. டெட்டால் தண்ணீரில் என் கைதான் வேகிறது.

எரிச்சலில் அவர் மருமகளிடம் கேட்டேன். “ஏழாவதை யாருக்குக்கா விரிக்கிறீங்க?”

“நாங்க அந்த ரூமுக்குள்ளயே போறதில்லீங்க.”

அது உண்மைதான். ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

இன்று பக்கத்துக் கட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். அவர் மனைவி செல்லாத்தாள் போன வருடம் இறந்த கட்டில் அது. அதிலும் ஒரு வேஸ்ட் துணி விரித்திருந்தது, ஈரமாக, வெதுவெதுப்பாக.

கிட்டுசாமி கண்ணைத் திறந்தார். “அவளையும் திருப்பிப் படுக்க வெச்சிரு கண்ணு. போன தடவ ஒருத்தரும் திருப்பாமத்தான் முதுகெல்லாம் புண்ணாச்சு.”